300 பார்வையா, 20 பேரா?

வணக்கம் நண்பரே. உங்கள் மாடித்தோட்டத் தளத்துக்கு நாளுக்கு 300 பார்வை என்று வலைப்பதிவுச் சேவையான பிளாகர் காட்டுகிறது, வருவோரை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸோ 20 பேர் என்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். இருபதையே நம்புங்கள். பார்வை வேறு, ஆள் வேறு. ஒரே ஆள் ஐந்து பக்கம் திறந்தால் ஐந்து பார்வை. தளங்களைத் தானாக மேயும் கணினி நிரல்களான பாட்களும் பிளாகர் கணக்கில் சேர்ந்துவிடும். அனலிட்டிக்ஸ் தெரிந்த பாட்களைக் கழித்துவிடும். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் அதில் விடுபடலாம், அவ்வளவுதான்.

சரி, அந்த இருபதை எப்படிக் கூட்டுவது? கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தென்படுகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்து, எந்தத் தேடலில் உங்கள் பக்கம் அடிக்கடி தென்பட்டும் யாரும் கிளிக் செய்யவில்லை என்று பாருங்கள். 16 மாதக் கணக்கு வரை கிடைக்கும். பெரும்பாலும் தலைப்புதான் கோளாறு. நானும் ஒரு பதிவுக்கு ‘பச்சைக் கனவுகள்’ என்று ஆசையாகப் பெயர் வைத்தேன், ஈ காக்கை வரவில்லை. ‘தக்காளி இலை சுருண்டால் என்ன செய்வது?’ என்று மாற்றிய பிறகுதான் தேடி வந்தார்கள். தலைப்பை மாற்றுங்கள், பக்க முகவரியைத் தொடாதீர்கள். பழைய இணைப்புகள் அறுந்துவிடும். அப்புறம், காசு கொடுத்துப் பார்வை வாங்கவே வாங்காதீர்கள். அதில் வருவதும் பெரும்பாலும் பாட்கள்தான்.