கேள்வி – பதில்: 20 சென்ட் தட்டும் ஒரு டன் மூட்டையும்

கலிபோர்னியா தங்க வேட்டையில் ஆற்று மணலில் தங்கம் அரிக்கும் 20 சென்ட் தட்டு 15 டாலருக்கு விற்றதாகப் படித்தேன். அவ்வளவு விலையா? – ச., கரூர்

1848-ல் சாம் பிரானன் விற்றதாகச் சொல்லப்படும் விலை அது. சுட்டர் கோட்டையில் கடை வைத்திருந்தவர். கிடைத்த தட்டு, மண்வெட்டியையெல்லாம் வாங்கிக் குவித்துக்கொண்ட பிறகுதான் சான் ஃபிரான்சிஸ்கோ தெருவில் 'தங்கம்! தங்கம்!' என்று கூவினார். தோண்டுமிடத்தில் ஓர் அவுன்ஸ் (31 கிராம்) தங்கப்பொடிக்குப் பொதுவாக 16 டாலர்தான் கிடைத்தது. கணக்குப் போட்டால் ஓர் இரும்புத் தட்டுக்கு மூன்றரைப் பவுனுக்கு மேல்! காசில்லாதவர்கள் மரக் கிண்ணத்திலும் பின்னிய கூடையிலும் அரித்தார்கள்.

ஒரே தட்டை வைத்துச் சமைக்கவும் அரிக்கவும் முடியாதா? – வாசகி, தேனி

செய்தவர்கள் உண்டு, நஷ்டமும் பட்டார்கள். அரிப்பது நம் வீட்டில் அரிசியில் கல் அரிப்பது போலத்தான். கனமானது அடியில் தங்க வேண்டும். தட்டில் பன்றிக் கொழுப்பு ஒட்டியிருந்தால் மாவு போன்ற தங்கத்தூள் நீரில் நனையாமல் மிதந்து, மணலோடு வெளியே போய்விடும். புதுத் தட்டிலும் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். தணலில் வைத்து நீலம் பாரிக்கும்வரை சுட்டால் எண்ணெய் எரிந்துவிடும்; கருநீலத்தில் மஞ்சள் துணுக்கும் பளிச்சென்று தெரியும்.

கனடாவின் கிளாண்டைக் தங்க வேட்டைக்குப் போக ஆளுக்கு ஒரு டன் சாமான் எதற்கு? – இரா., மதுரை

கனடாவின் வடமேற்குக் குதிரைப் போலீஸ் 1898-ல் ஓராண்டு உணவு இல்லாதவரை வழியில் இருந்த மலைக் கணவாயின் உச்சியிலேயே திருப்பி அனுப்பியது. உணவே 500 கிலோவுக்கு மேல்: மாவு மட்டும் 180 கிலோ, அப்புறம் உப்பிட்ட பன்றி இறைச்சி, பீன்ஸ், சர்க்கரை. கூடாரம், அடுப்பு, கருவிகள் சேர்ந்து டன்னைத் தொட்டன. அமெரிக்காவில் வாங்கிய சரக்குக்கு உச்சியில் கனடா சுங்கம் வேறு.

ஆனால் கையைக் கடித்தது சுமைகூலி. அலாஸ்கா கடற்கரையின் டையே ஊரிலிருந்து சில்கூட் கணவாய் வழியே பென்னட் ஏரிக்கு 53 கிலோமீட்டர். சில்கூட் ஏற்றத்தின் அடிவாரத்தில் 'ஸ்கேல்ஸ்' என்ற இடத்தில் மூட்டையை மறுபடி நிறுத்துக் கூலியை ஏற்றுவார்கள். கூலி கொடுக்க முடியாதவர் 25, 30 கிலோவாக முப்பது நடைக்கு மேல் தானே சுமந்தார்.

எதைக் குறைத்திருக்கலாம்? பலகையை யாரும் சுமக்கவில்லை, ஏரிக்கரையில் மரம் இருந்தது. ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று நீள ரம்பத்தில் அறுத்து, அங்கிருந்து ஆற்றுவழியே போகப் படகு கட்டினார்கள். தங்கம் கழுவும் மரவாய்க்காலுக்கும் அப்படி அறுத்த பலகைதான். ஆகவே ரம்பம், கோடரி, ஆணி, படகின் இடுக்கடைக்கச் சணலும் கீலும் கட்டாயம். பலர் கஞ்சத்தனம் செய்தது ரம்பப் பல்லைத் தீட்டும் அரத்தில். பல் மழுங்கிய ரம்பம் ஈர மரத்தில் சிக்கும், கோடு விலகும், பலகை ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும். அதில் கட்டிய படகில் எத்தனை கீல் பூசினாலும் ஒழுக்கு நிற்காது.