பால் பல் விழத்தானே போகிறது?

நாய்க்குட்டி வளர்க்கும் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் பல், ஈறு பற்றி அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: எட்டு வார நாட்டுக்குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். பால் பற்கள் எப்படியும் விழுந்துவிடுமே, இப்போதே துலக்க வேண்டுமா? ஆறு மாதம் ஆகட்டும் என்று விட்டால் என்ன?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: சுத்தம் ஒன்றுதான் கணக்கு என்றால் ஆறு மாதம் பொறுக்கலாம். ஆனால் ஆறு மாதத்தில் குட்டிக்குப் பலம் வந்துவிடும், உதட்டைத் தூக்கவே விடாது. கடிபடாமல் துலக்க அப்புறம் இரண்டு ஆள் வேண்டும். வாய்க்குள் கை வந்தால் வலிக்காது, பயப்பட ஒன்றுமில்லை என்று குட்டி கற்றுக்கொள்வது 8 முதல் 16 வாரத்துக்குள்தான் சுலபம். ஆகவே இன்றைக்கே தொடங்குங்கள். பல் வெள்ளையாகிறதா என்று மட்டும் இப்போது பார்க்காதீர்கள்.

குட்டிக்கு மூன்றாவது வாரம் பால் பல் முளைக்க ஆரம்பித்து, எட்டாவது வாரத்துக்குள் 28 பல்லும் வந்துவிடும். அதில் பின்கடைவாய்ப் பல் கிடையாது. மூன்றரை, நான்கு மாத வாக்கில் முன்பற்கள் ஆடி விழும். 4 முதல் 6 மாதத்துக்குள் கோரைப் பல் மாறும். ஏழாவது மாத முடிவில் வாயில் 42 நிரந்தரப் பற்கள் இருக்க வேண்டும்: மேலே 20, கீழே 22. விழுந்த பல்லைத் தேடாதீர்கள், பெரும்பாலும் குட்டி விழுங்கியிருக்கும், கெடுதல் இல்லை. பொம்மையில் ரத்தப் பொட்டு தெரிவதும் அந்த நாட்களில் சகஜம்.

ஏழு மாதத்தில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஷிட்ஸு, பக், பாக்ஸர் குட்டிகளில் கீழ்த்தாடையின் முதல் முன்கடைவாய்ப் பல் வெளியே வராமல் எலும்புக்குள்ளேயே தங்கிவிடுவது உண்டு. அதைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகித் தாடை எலும்பை அரிக்கும். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. இடம் காலியாக இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

கேள்வி: பிரஷ்ஷைக் கண்டாலே குட்டி அதைக் கடித்து இழுக்கிறது. எப்படித்தான் துலக்குவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: நேராகப் பிரஷ்ஷில் தொடங்கியிருப்பீர்கள். நீளமாக எதை நீட்டினாலும் குட்டிக்கு அது விளையாட்டுச் சாமான். பிரஷ்ஷை இரண்டு வாரத்துக்குக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டு, வெறும் விரலிலிருந்து ஆரம்பியுங்கள்.

நேரத்தை முதலில் சரிசெய்யுங்கள். தூங்கி எழுந்து துள்ளும்போது வேண்டாம். மாலையில் ஓடியாடிக் களைத்து, ராத்திரிச் சாப்பாடும் முடிந்து கண் சொருகும் நேரம்தான் தோது. குட்டியின் முகத்துக்கு நேரே உட்காராமல், அதன் முதுகு உங்கள் வயிற்றில் சாய்கிற மாதிரி உட்கார வையுங்கள். முன்னால் இருந்து கை வந்தால் பின்வாங்கும், பக்கவாட்டில் வந்தால் பேசாமல் இருக்கும்.

முதல் வாரம் ஒரு பக்க உதட்டை மேலே தூக்குவது, இரண்டு விநாடி, விடுவது. அவ்வளவுதான் வேலை. உடனே பட்டாணி அளவு வெந்த கோழிக்கறி ஒரு துண்டு. வாயைத் திறக்கச் சொல்லாதீர்கள். துலக்க வாய் திறக்கவே வேண்டியதில்லை. இரண்டாவது வாரம் ஆள்காட்டி விரலில் மெல்லிய காஜ் துணியைச் சுற்றி, உப்புப் போடாத கோழி வேகவைத்த தண்ணீரில் நனைத்து (வெங்காயம், பூண்டு சேராத தண்ணீர்), மேல் கோரைப் பல்லில் தொடங்கிப் பின்பக்கம் வரை ஒருமுறை தேய்த்து எடுங்கள். மூன்றாவது வாரம்தான் பிரஷ். கைக்குழந்தைக்கு விற்கிற மிக மெல்லிய பிரஷ் போதும். ரப்பர் விரலுறை பிரஷ் பழக்குவதற்கு நல்லது, ஆனால் அதன் முனை ஈறு ஓரத்துக்குள் போகாது. அதையே கடைசிவரை வைத்துக்கொள்ள வேண்டாம்.

பிரஷ்ஷைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றுங்கள். ஒரு பக்கத்துக்கு 30 விநாடி. வெளிப்பக்கம் மட்டும் போதும், உட்பக்கத்தை நாக்கு ஓரளவு துடைத்துக்கொள்ளும். நேரம் குறைவாக இருந்தால் மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கத்தை மட்டுமாவது தேய்த்துவிடுங்கள். உமிழ்நீர் சுரந்து வருகிற துளை அங்கேதான் இருக்கிறது, பல்லில் இறுகிப் படியும் காரையும் முதலில் அங்கேதான் வரும்.

தினமும் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. துடைத்த பல்லில் 24 மணி நேரத்துக்குள் வழவழப்பான படலம் திரும்பப் படியும். அதை விட்டால் இரண்டு மூன்று நாளில் உமிழ்நீரின் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து காரையாக இறுகிவிடும். படலம் பிரஷ்ஷுக்குப் போகும், காரை போகாது. வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போது சேர்த்துத் துலக்குகிறவர்கள் காரையின் மேலேதான் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாயின் உமிழ்நீர் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால்தான் நமக்கு வரும் அளவுக்கு நாய்க்குச் சொத்தைப் பல் வருவதில்லை. காரையும் ஈறு நோயும்தான் அதற்கு வினை.

நான்கிலிருந்து ஆறு மாதம் வரை, பல் மாறும் காலத்தில், ஈறு வீங்கிச் சிவந்து வலிக்கும். அப்போது பிரஷ்ஷை நிறுத்திவிட்டு ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். துலக்குவது வலி என்று அந்த இரண்டு மாதத்தில் மனதில் பதிந்துவிட்டால் முன்பு பழக்கியதெல்லாம் வீண். நனைத்து முறுக்கி, ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த பருத்தித் துணி கடிக்க இதமாக இருக்கும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள், நூல் பிரிந்தால் வாங்கிவிடுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம், பல் தெறிக்கும்.

கேள்வி: நாங்கள் பயன்படுத்தும் பற்பசையையே கொஞ்சம் வைத்தால் என்ன? பல்பொடி, உப்பு, வேப்பங்குச்சி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: நமது பற்பசை கூடவே கூடாது. நாம் துப்புகிறோம், நாய் விழுங்கும். அதிலுள்ள ஃபுளோரைடும் நுரைக்கும் பொருளும் வயிற்றைக் கெடுக்கும். சில பசைகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் இன்னும் மோசம். நாயின் உடலில் அது இன்சுலினை ஒரேயடியாகச் சுரக்க வைத்து ரத்தச் சர்க்கரையை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் கீழே தள்ளிவிடும், ஈரலையும் தாக்கும். இரண்டு கிலோ குட்டிக்குச் சர்க்கரையில்லாத சுயிங்கம் ஒன்றே ஆபத்தாகலாம். தின்றுவிட்டால் தள்ளாட்டம், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

உப்பும் சமையல் சோடாவும் சோடியச் சுமை. கிராம்பு எண்ணெய் சிறு குட்டிக்கு நஞ்சுக்குச் சமம். வேப்பங்குச்சியை நாய் மெல்லாது, முறித்து விழுங்கும். சிம்பு ஈறில் ஏறும். நாய்க்கென்று விற்கும் பற்பசை போதும், குட்டிக்கு ஒரு அரிசி அளவு. அதுவும் இல்லையென்றால் வெறும் தண்ணீர். படலத்தை எடுப்பது பிரஷ்ஷின் தேய்ப்புதான், பசை ருசிக்குத்தான்.

கேள்வி: ஐந்தரை மாதப் பொமரேனியன். மேல் கோரைப் பல் இரண்டு பக்கமும் இரட்டையாக இருக்கிறது. நூல் கட்டி இழுத்துவிடலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: இழுக்காதீர்கள். பால் கோரைப் பல்லின் வேர் வெளியே தெரிகிற பல்லைவிட நீளம், மெலிசு, வளைந்தது. இழுத்தால் பாதியில் முறியும். உள்ளே தங்கிய வேர் சீழ் கட்டும். பக்கத்தில் வளரும் புதுப் பல்லும் சேதமாகலாம்.

மேலே புதுக் கோரைப் பல் பழைய பல்லுக்கு முன்புறம் முளைக்கும். கீழே பழைய பல்லுக்கு உட்புறமாக, நாக்குப் பக்கம் முளைக்கும். பழசு விழாமல் நின்றால் கீழ்ப் புதுப் பல் வெளியே விரிய இடமில்லாமல் நேராக மேலேறி அண்ணத்தில் குத்தும். சாப்பிடும்போது தலையைச் சாய்ப்பது, திடீரென்று சாப்பாட்டை விட்டு விலகுவது இதனால் இருக்கலாம். உங்கள் குட்டிக்கு மேலே இரட்டை என்றாலும் கீழேயும் பாருங்கள். அண்ணத்தில் குழி தெரிந்தால் நாள் தள்ளாதீர்கள்.

புதுப் பல் ஈறைக் கிழித்து எட்டிப் பார்க்கும்போதே பழசு ஆடத் தொடங்கியிருக்க வேண்டும். ஓரிரு வாரத்தில் ஆடாமல் விறைப்பாக நின்றால் எடுக்க வேண்டியதுதான். பொமரேனியன், சிவாவா, ஷிட்ஸு போன்ற சிறு இனங்களில் இது அதிகம். கருத்தடை செய்யும்போது சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் ஒத்திப்போடுகிறார்கள். அதற்குள் இரட்டைப் பல்லுக்கு நடுவே மயிரும் சோறும் அடைத்து ஈறு கெட்டிருக்கும், பல் கோணலும் நிலைத்திருக்கும். தனியாகவே எடுத்துவிடுவது நல்லது.

முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள். முடிந்தால் எக்ஸ்ரே வசதி உள்ள இடத்துக்குப் போங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் மருத்துவமனை இருக்கிறது. எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சின்னக் குட்டியை ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும்.

கேள்வி: மீன் தலையும் கோழி எலும்பும் கடித்தால் பல் தானாகச் சுத்தமாகும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர் சொல்கிறார். நேற்று முள் மாட்டிக்கொண்டது போலக் குட்டி வாயைப் பிராண்டியது.
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: பெரியவர் சொல்வதில் பாதி உண்மை. மெல்லுவது படலத்தைக் கொஞ்சம் சுரண்டும், கடைவாயின் நுனியில். ஈறு ஓரத்தில் ஒன்றும் நடக்காது. வெந்த கோழி எலும்பு கத்தி முனை போலப் பிளந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். மாட்டு எலும்பு, குளம்பு, கொம்பு எல்லாம் பல்லைவிடக் கடினம். மேல் கடைவாய்ப் பல் பாளமாகப் பிளந்துபோகும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் பதியாத பொருள் குட்டியின் பல்லுக்கு ஆகாது. வாயைவிடப் பெரிய கேரட் துண்டோ வளைந்து கொடுக்கும் ரப்பர் பொம்மையோ போதும்.

மீன் முள் பெரும்பாலும் மேல் அண்ணத்தில் குறுக்கே, இரு பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் இடையே செருகி நிற்கும். முன்காலால் வாயைப் பிராண்டும், எச்சில் வடியும், மறுநாள் நாற்றம் வரும். கண்ணுக்குத் தெரிந்து, குட்டியும் அமைதியாக இருந்தால் இடுக்கியால் எடுக்கலாம். தொண்டைப் பக்கம் என்றால் தொடாதீர்கள். சோற்று உருண்டையை விழுங்க வைத்து முள்ளைத் தள்ளும் பழைய வைத்தியமும் வேண்டாம், இன்னும் ஆழமாக ஏறும்.

இதில் ஒரு எச்சரிக்கை. தாடை தொங்கி, எச்சில் வடிந்து, தண்ணீரை விழுங்க முடியாமல், குரலும் மாறியிருக்கிற குட்டிக்கு "தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது" என்று வாயில் கையை விடாதீர்கள். வெறிநாய் நோயின் ஒரு வகை அப்படித்தான் இருக்கும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் வரும். தனியாக அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கையில் எச்சில் பட்டிருந்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் திடீரென்று நுரை தள்ளினால் தேரையைக் கவ்வியதாகவும் இருக்கலாம். தலையைக் கீழே சாய்த்து, பக்கவாட்டில் தண்ணீர் ஊற்றி, விழுங்காதபடி வாயைக் கழுவிவிட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: நாட்டுக்குட்டியின் ஈறு கறுப்பாக இருக்கிறது. நோயா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: பிறந்ததிலிருந்தே கறுப்பு என்றால் அது நிறம்தான். புதிதாகக் கறுப்புப் படை தடித்து வந்தால் மட்டும் காட்டுங்கள். கறுப்பு ஈறில் ரத்தசோகை தெரியாது என்பதுதான் சிக்கல். கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பு ஈறு உள்ள குட்டியானால் விரலால் அழுத்தி எடுங்கள், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். வெளுத்தே இருந்தால் பல் டாக்டரால் ஆவது ஒன்றுமில்லை. குட்டிக்குப் பெரும்பாலும் கொக்கிப்புழு, இல்லையென்றால் உண்ணிக் காய்ச்சல் இருக்கலாம். குடற்புழுவுக்கான பூச்சி மருந்து இரண்டாவது வாரத்தில் தொடங்கி, 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். மஞ்சளித்தால் அன்றைக்கே மருத்துவமனை.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் தன் நாயின் பற்காரையை ஊக்கால் சுரண்டி எடுக்கிறார். பளிச்சென்று ஆகிறது. எங்கள் எட்டு மாதக் குட்டிக்கும் செய்யலாமா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: பளிச்சென்று ஆவது வெளியில் தெரியும் பகுதி. நோய் உண்டாக்கும் காரை ஈறுக்கு அடியில் இருக்கிறது, ஊக்கு அங்கே போனால் ஈறு கிழியும். சுரண்டிய பல்லின் மேல்பூச்சில் கீறல் விழும். அந்தக் கீறலில் அடுத்த காரை முன்பைவிட வேகமாகப் பிடிக்கும். எட்டு மாதத்தில் காரை இருப்பதே சீக்கிரம். ஒரு பக்கம் மட்டும் படிந்திருந்தால் அந்தப் பக்கம் குட்டி மெல்லுவதில்லை, ஏதோ வலிக்கிறது. பல்லில் பழுப்புக் குழிகள் என்றால் அது காரையே அல்லாமலும் இருக்கலாம்: குட்டியாக இருந்தபோது டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்த நாய்க்கு மேல்பூச்சு சரியாக உருவாகாமல் அப்படி ஆகும். எது என்று தெரியாமல் சுரண்டினால் இருக்கிற பூச்சும் போய்விடும். முதலில் மருத்துவரிடம் உதட்டைத் தூக்கிக் காட்டுங்கள்.