வாசகர் கேள்விகள்: பழைய வீட்டில் பிரெஞ்சு சமையலறை

கேள்வி: புதுச்சேரியில் தமிழர் பகுதியில் தாத்தா காலத்து வீடு எங்களுடையது. கீழே முற்றம், தாழ்வாரம், மாடியில் வளைவு ஜன்னல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சமையலறையை பிரெஞ்சு பாணியில் மாற்ற ஆசை. மாடுலர் கிச்சன் போடுகிறவர் பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, நாலு சுவருக்கும் கூரை வரை டைல்ஸ் ஒட்டி, மார்பிள் மேடை போடலாம் என்கிறார். சரியா வருமா?
- ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: வேண்டாம்மா, அந்த வேலையை ஆரம்பிக்க விடாதீர்கள். அந்தக் காலத்து வீடு என்றால் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவராகத்தான் இருக்கும், அது தரையிலிருந்து ஓதத்தை இழுக்கும், மெல்ல வெளியேயும் விட்டுவிடும், அதனால்தான் இத்தனை காலம் நின்றிருக்கிறது. அதன்மேல் சிமென்டும் டைல்ஸும் ஏறினால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே தங்கிவிடும், கடலோர ஊர் என்பதால் உப்பும் சேர்ந்துகொள்ளும், அப்புறம் பூச்சு பொருமி உதிரும், சுவரோடு ஒட்டிய பலகைப் பெட்டிகளின் முதுகில் பூஞ்சை பிடிக்கும்.

பழைய பிரெஞ்சு சமையலறையில் அப்படி ஒட்டிய பெட்டிகளே கிடையாது. நடுவில் கனமான மர மேசை, ஓரத்தில் தட்டுகள் அடுக்கும் உயரமான அலமாரி, அடுப்பு, தொட்டி என்று எல்லாம் தனித்தனியாக நிற்கும். உங்கள் சுவருக்கும் இதுதான் நல்லது. கால் வைத்த தேக்கு அலமாரிகளைச் சுவரை விட்டு இரண்டு விரல் தள்ளி நிறுத்துங்கள், பின்னால் காற்று ஓடும், அடியில் பெருக்கவும் முடியும். பரணில் பழைய பாத்திர அலமாரி கிடந்தால் ஆசாரியிடம் கொடுத்து முதலில் அதைச் சீர் செய்யுங்கள், புதிதாக எது செய்தாலும் அந்த அழகு வராது.

சுவருக்கு மறுபடியும் சுண்ணாம்புப் பூச்சே. வைசியாள் வீதியில் பழைய வீட்டு முகப்புகளைச் சீரமைத்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது, அந்த மாதிரி வேலை பழகிய கொத்தனார்களை, பாரம்பரியக் கட்டிடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரி அலுவலகத்தில் விசாரியுங்கள். டைல்ஸ் அடுப்புக்கும் தொட்டிக்கும் பின்னால் மட்டும் போதும். பாரிஸ் மெட்ரோ நிலையங்களில் இருக்கிற, ஓரம் சரிந்த வெள்ளை டைல்ஸ் பொருந்தும். வெள்ளைதான் வேண்டும் என்றும் இல்லை, ஓவியர் மோனேயின் ஜிவெர்னி வீட்டுச் சமையலறை முழுக்க நீலமும் வெள்ளையுமான டைல்ஸ்தான்.

மார்பிள் மேடை நம் சமையலுக்கு ஆகாது. புளி, எலுமிச்சை பட்ட இடத்தில் தடம் விழும். கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல் வகைதான், அதற்கும் இதே கதி. பளபளப்பு ஏற்றாத கருப்பு கிரானைட் போடுங்கள், மாவு தேய்க்க மட்டும் ஒரு சின்ன மார்பிள் பலகை வைத்துக்கொள்ளலாம். கைப்பிடி, கொண்டி எல்லாம் பித்தளையில் இருக்கட்டும், உப்புக் காற்றில் இரும்பு நிற்காது.

தாளிக்கிற வீட்டுக்குப் புகைபோக்கி அவசியம். அதன் குழாயை ஏற்கெனவே இருக்கும் வென்டிலேட்டர் வழியாக விட முடியுமா என்று முதலில் பாருங்கள், முடிந்தால் சுவரை உடைக்கவே வேண்டாம்.

கேள்வி: பாட்டியின் செம்புப் பாத்திரங்களை பிரெஞ்சு வீடுகளில் இருப்பது போல அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, சமைக்கவும் ஆசை. எங்கள் வீடு மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய கூரை. செய்யலாமா?
- ஒரு வாசகர், கடலூர்

பதில்: தாராளமாக. உத்திரத்தில் கொக்கி அடிக்கும் முன் ஆசாரியை விட்டு மரத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், கரையான் உள்ளே தின்றிருந்தால் வெளியே தெரியாது. சந்தேகம் இருந்தால் சுவரோடு ஒரு மரச்சட்டம் அடித்து அதில் மாட்டுங்கள். பிரெஞ்சுக்காரர்களும் செம்புக்கு உள்ளே வெள்ளீயம் பூசித்தான் சமைப்பார்கள், உங்கள் பாத்திரங்களில் அந்தப் பூச்சு தேய்ந்திருந்தால் ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்து வாங்கும் வரை ரசம், குழம்பு என்று புளிப்பு எதையும் அதில் வைக்காதீர்கள். வெளிப்புறம் பச்சை பூத்தால் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.