பர்மிங்காம் கவுன்சில் 'திவால்': அம்மாவின் கேரர் நின்றுவிடுவாரா?

வணக்கம். பர்மிங்காம் கவுன்சில் (நகராட்சி) திவால் என்ற செய்தியைப் பார்த்து, அம்மாவைக் குளிப்பாட்ட வரும் கேரரை நிறுத்திவிடுவார்களா, கோபத்தில் கவுன்சில் டாக்ஸ் (கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரி) கட்டாமல் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரியை நிறுத்தாதீர்கள். நீதிமன்ற உத்தரவு வாங்கி, அந்தச் செலவையும் உங்கள் தலையில் கட்டுவார்கள். 2024-ல் 9.99 சதவீதம், அடுத்த ஆண்டு 7.49 சதவீதம் என்று ஏற்றினால் யாருக்குத்தான் வயிறு எரியாது! அம்மா தனி வீட்டில் தனியாக இருந்தால் 25 சதவீத வரித் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்கினீர்களா?

இங்கிலாந்தில் கவுன்சில் சட்டப்படி திவாலாக முடியாது. 2023 செப்டம்பரில் வந்தது 114-ம் பிரிவு அறிவிப்பு. வரவுக்குள் செலவு அடங்காது என்று நிதி அதிகாரியே எழுதிக் கொடுப்பது. அதன்பின் புதுச் செலவுக்குத் தடை, சட்டப்படி செய்தே ஆகவேண்டிய சட்டக் கடமைகளுக்கு மட்டும் விலக்கு. ஆண்களுக்கு இணையான சம்பளம் கேட்டுப் பெண் ஊழியர்கள் தொடுத்த சம ஊதிய வழக்குகளின் பாக்கியே 65 முதல் 76 கோடி பவுண்டு வரும் என்று அப்போது சொன்னார்கள். அக்டோபரில் பிரிட்டன் அரசு, கவுன்சிலை மேற்பார்க்க ஆணையர்களை அனுப்பியது. கவுன்சிலர்கள் நாற்காலியில்தான் இருந்தார்கள், சாவி மட்டும் கைமாறியது.

அம்மாவின் பராமரிப்பு 2014-ம் ஆண்டு கேர் ஆக்ட் (பராமரிப்புச் சட்டம்) படி சட்டக் கடமை. தேவையை மறுமதிப்பீடு செய்யாமல், பணமில்லை என்று மட்டும் சொல்லி மணிநேரத்தைக் குறைக்க முடியாது. ஆனால் மறுமதிப்பீட்டுக்கு அழைப்பு வரலாம். அன்று நீங்கள் கட்டாயம் கூட இருங்கள். நம் அம்மாக்கள் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிடுவார்கள். இரவில் எத்தனை முறை எழுப்புகிறார், எப்போது விழுந்தார் என்று இப்போதே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். குறைத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.