ஒடிந்த ஷாஃப்ட்: இரண்டு லேப், இரண்டு பதில்

கேள்வி: பீன்யாவில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் ஷாஃப்ட் ஒன்று ஒடிந்துவிட்டது. ஒரு லேப் 'ஃபடீக்' என்கிறது, இன்னொரு லேப் 'இரும்பில் கசடு' என்கிறது. யாரை நம்புவது? இதற்கெல்லாம் பல பேர் சேர்ந்து ஆராய வேண்டுமா?
- பெங்களூரு வாசகர்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். எப்படி ஒடிந்தது என்பதற்கு ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார், எங்கே தொடங்கியது என்பதற்கு இன்னொருவர். கசடு என்பது உருக்கும்போது இரும்புக்குள் சிக்கிய அந்நியத் துகள். ஃபடீக் என்பது பளு திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வது. கசடிலிருந்து கிளம்பிய விரிசல் ஃபடீக்கில் வளர்ந்து ஒடிவது வழக்கம்தான்.

ஒடிந்த முகத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கடல் அலை மணலில் விட்டுப்போகிற கோடுகள் மாதிரி வளைவு வளைவாகத் தெரிந்தால் அது ஃபடீக். அந்த வளைவுகள் எந்த இடத்தைச் சுற்றி விரிகின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்தது. கோடுகள் இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும் பகுதி கடைசியில் ஒரே மூச்சில் ஒடிந்தது. அது சிறியதாக இருந்தால் ஷாஃப்ட் மேல் வந்த பளு அதிகமில்லை என்று பொருள். விளிம்பைச் சுற்றிப் பல இடங்களில் குட்டிக் குட்டிப் படிகள் தெரிந்தால் விரிசல் ஒன்றல்ல, பல. அப்போது எனக்குச் சந்தேகம் கசடின் மேல் போகாது. கீவே (ஷாஃப்டில் சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) மூலை கூர்மையாக இருந்ததா, மேல்பரப்பில் கடைசல் கோடு ஆழமாக விழுந்ததா என்றுதான் கேட்பேன்.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் இன்னும் நுணுக்கமான வரிகள் தெரியும். விரிசல் சீராக வளர்ந்த பகுதியில் பெரும்பாலும் ஒரு சுற்றுப் பளுவுக்கு ஒரு வரி. அலுமினியத்தில் பளிச்சென்று தெரிவது இரும்பில் பல நேரம் மங்கிவிடும். அங்கேதான் ஒரே படத்தை இருவர் இருவிதமாகப் படிக்கிறார்கள்.

1984-இல் கணித அறிஞர் மேண்டல்பிராட், பாசோஜா, பாலே மூவரும் 'நேச்சர்' இதழில், முறிவு முகத்தின் கரடுமுரடு ஃபிராக்டல் வகை (பெரிதாக்கிப் பார்த்தாலும் அதே மாதிரி கரடுமுரடு தெரிவது) என்றும், அந்தக் கரடுமுரட்டைக் குறிக்கும் ஃபிராக்டல் எண்ணுக்கும் எஃகின் முறியாத்திறனுக்கும் தொடர்பு உண்டு என்றும் எழுதினார்கள். பிறகு மற்றவர்கள் அளந்தபோது அந்தத் தொடர்பு எல்லா இடத்திலும் அப்படியே வரவில்லை. அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறியது. அதனால்தான் ஒரே துண்டைப் பல லேப்களுக்கு அனுப்பி, ஒருவர் முடிவை மற்றவருக்குச் சொல்லாமல் அளந்து, அப்புறம் ஒப்பிடுவது அவசியம் என்கிறேன். கணக்குக்காரர், மைக்ரோஸ்கோப்காரர் மட்டும் போதாது. மெஷினை ஓட்டியவரும் அந்த மேஜையில் உட்கார வேண்டும். மோட்டார் எப்போது நின்றது, பளு எப்போது கூடியது என்பது அவருடைய லாக் புத்தகத்தில்தான் இருக்கிறது. அந்த வளைவுக் கோடுகள் பலவும் அப்படி நின்று ஓடியதன் தடங்கள்.

உங்கள் விஷயத்தில், இரண்டு லேப்களிடமும் தொடக்கப் புள்ளியின் படத்தை அளவுகோலோடு கேளுங்கள். படத்தில் கசடு தெரிந்தால், அது என்ன பொருள் என்ற வேதிச் சோதனை முடிவையும் கேளுங்கள். இருவரும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறார்களா என்று பாருங்கள். அதுவரை இரண்டு பாதிகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள். முகம் தேய்ந்தால் வரிகள் போய்விடும். கம்பி பிரஷ் போடாதீர்கள், விரலால் தொடாதீர்கள். ஈரம் படாமல் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்.