கராஜில் நாற்பது ஷாம்பு

கேள்வி: கூப்பன் சேர்த்துப் பொருள் வாங்குவது எனக்கு ஒரு பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும் கூப்பனையும் கடை ஆப்பில் வரும் தள்ளுபடியையும் சேர்த்துப் போட்டால் சில வாரம் பேஸ்ட் ஓசியிலேயே கிடைத்துவிடும். இப்போது கராஜில் நாற்பது ஷாம்பு, அறுபது பேஸ்ட், மவுத்வாஷ், ரேசர் என்று குவிந்து, கார் வெளியே பனியில் நிற்கிறது. எல்லாவற்றையும் வீடில்லாமல் தெருவில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். "கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறாயா?" என்று கிண்டல் செய்கிறார் கணவர். எந்தத் தேங்காயாக இருந்தால் என்ன, பிள்ளையாருக்குப் போய்ச் சேர்ந்தால் சரிதானே? இதற்கு வரிக்கழிவு உண்டா?
— ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: தேங்காய் விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது தப்பு. நீங்கள் நீட்டும் கூப்பனின் மதிப்பைத் தயாரிப்பாளர் கடைக்காரருக்குக் கொடுத்துவிடுகிறார். கைச்செலவுக்கென்று சில சென்ட் மேலேயும் தருகிறார். யார் வீட்டுச் சொத்தும் போகவில்லை. கள்ளக் கூப்பன் அச்சடித்தால்தான் வம்பு. வர்ஜீனியாவில் ஒரு பெண்மணி வீட்டிலிருந்தே அச்சடித்து, 3.1 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் உண்டாக்கி, 2021இல் 12 ஆண்டு சிறைக்குப் போனார். நீங்கள் அந்த ஜாதி இல்லை என்று நம்புகிறேன். ஒரு தடவைக்கு நான்குக்கு மேல் கூடாது என்று பல கூப்பனிலேயே போட்டிருக்குமே, அறுபது பேஸ்ட் எப்படி வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை.

ஆகவே தேங்காய் உங்களுடையதுதான். அந்தப் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டுமா என்று யாராவது விசாரித்தீர்களா?

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரி மாலை, நூவர்க் பென் ஸ்டேஷன் வாசலில் ஒரு குழுவோடு நின்று பொருள் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஜாக்கெட் போட்டிருந்த பெரியவர் ஒருவர் வந்தார். முக்கால் லிட்டர் ஷாம்பு பாட்டில் ஒன்றைப் பெருமையோடு நீட்டினேன். வாங்கினார். புளி வாங்குகிறவர் மாதிரி கையில் எடை பார்த்தார். மரியாதையாகத் திரும்ப மேஜைமேல் வைத்தார். நான்கு ஜோடி சாக்ஸை எடுத்துக்கொண்டார். அப்புறம், ஜிப்லாக் பை இருக்கிறதா என்று கேட்டார். எதற்கு என்றேன். உள் ஜாக்கெட்டைத் திறந்து காட்டினார்: அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி அட்டை, ஏதோ ஆஸ்பத்திரிக் காகிதம், எல்லாம் ஓரம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கள் மேஜையில் இருபது பாட்டில் ஷாம்பு இருந்தது; ஜிப்லாக் பை ஒன்றுகூட இல்லை.

சொத்து முழுவதையும் முதுகில் சுமக்கிறவருக்கு முக்கால் கிலோ சோப்புத் தண்ணீர் ஒரு பாரம். குளிக்க இடமும் இருக்காது. அவருக்கு ஆகிறது பயணத்துக்கென்று விற்கும் குட்டி பாட்டில். இதில் வேடிக்கை என்னவென்றால், உங்கள் கையில் இருக்கும் கூப்பனைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் பயண அளவுக்குச் செல்லாது என்று பெரும்பாலும் இருக்கும். கூப்பன் தருவதெல்லாம் குளியலறை உள்ள வீட்டுக்கான பொருள். 'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்பதை வாங்குகிறவரின் யோக்கியதையை அளக்கத்தான் நம்மவர்கள் வைத்திருக்கிறார்கள். இங்கே பாத்திரம் என்பது அந்தப் பெரியவரின் தோள்பை. அதில் என்ன கொள்ளும் என்று பார்த்துப் போட வேண்டியது நாம்தான்.

மவுத்வாஷும் அப்படித்தான். ஆல்கஹால் கலந்தது என்றால், வீடில்லாதவர்களைத் தங்கவைக்கும் பல ஷெல்டர்களில் தொடமாட்டார்கள். குடியை விடப் போராடுகிறவர்கள் உள்ளே இருக்கிறார்கள். டின் உணவு கொடுப்பதானால் இழுத்துத் திறக்கிற மூடி வேண்டும். கப் நூடுல்ஸுக்கு வெந்நீர் யார் தருவார்?

சரி, நாற்பது ஷாம்புவை என்னதான் செய்வது? ஏழைகளுக்கு உணவு வாங்க அரசு தரும் ஃபுட் ஸ்டாம்ப் அட்டையை வைத்து அரிசி வாங்கலாம், பால் வாங்கலாம். சோப்பு வாங்க முடியாது. பேஸ்ட், டாய்லெட் பேப்பர், டயப்பர், பெண்களுக்கான நாப்கின் எதுவும் முடியாது. அதாவது, கூப்பனில் உங்களுக்கு எவையெல்லாம் கொட்டுகின்றனவோ, அவற்றில் பாதி ஏழைக் குடும்பம் கைக்காசு போட்டே வாங்க வேண்டியவை. குழந்தையோடு குடும்ப ஷெல்டரில் இருக்கும் ஒரு தாய்க்கு அதே முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு மாதக் கவலையைத் தீர்க்கும். வீடற்றவர் என்றாலே பாலத்தடியில் படுத்திருப்பவர் என்று நினைக்கிறோம். 2024 ஜனவரியில் ஒரே இரவில் நாடு முழுக்க எடுத்த கணக்கில் 7.7 லட்சம் பேர். அதில் வெட்டவெளியில் இருந்தவர்கள் சுமார் 2.7 லட்சம். மற்றவர்கள் ஷெல்டர்களிலும் தற்காலிக இருப்பிடங்களிலும் இருந்தார்கள். அங்கே குழாய் உண்டு. உங்கள் ஷாம்பு அங்கேதான் போக வேண்டும். இல்லாதவர்களுக்கு இலவசமாகப் பொருள் கொடுக்கும் பக்கத்து ஊர் ஃபுட் பேன்ட்ரிக்கும் போகலாம். யாருக்காவது ஒத்துக்கொள்ளாவிட்டால் கேஸ் போடுவார்களோ என்ற பயம் நம்மவர்களுக்கு எப்போதும் உண்டு. நல்லெண்ணத்தோடு தொண்டு நிறுவனம் வழியாகக் கொடுப்பவரைக் காக்க 1996லேயே சட்டம் வந்துவிட்டது. உணவோடு வீட்டு உபயோகப் பொருளுக்கும் சேர்த்துத்தான். அதற்காகக் காலாவதியானதைத் தள்ளிவிடாதீர்கள். ஃப்ளோரைடு பேஸ்ட்டை இங்கே மருந்துக் கணக்கில் வைத்திருப்பதால் அதற்கும் தேதி உண்டு.

வரிக்கழிவு கேட்டீர்கள். தெருவில் ஒருவர் கையில் நேரே கொடுப்பதற்குக் கிடையாது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தாலும், வாங்கி ஒரு வருஷத்துக்குள் கொடுக்கும் பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலைக்கு மேல் காட்ட முடியாது. ஓசியில் வந்த பேஸ்ட்டுக்கு ஓசிக் கழிவுதான். பெரும்பாலோரைப் போல, செலவைத் தனித்தனியாகக் காட்டாமல் மொத்தமாகக் கழித்துக்கொள்ளும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பவர் என்றால் பொருள்தானத்துக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கராஜ்தான். முதலில் கிடைத்தது, பிறகு குவிந்தது, கார் வெளியே போனது, அப்புறம்தான் ஏழையின் ஞாபகம் வந்தது. வரிசையை ஒரு தடவை மாற்றிப் பாருங்களேன். பக்கத்து ஷெல்டருக்குப் போன் போட்டு, இந்த மாதம் என்ன குறைகிறது என்று கேளுங்கள். சாக்ஸ் என்பார்கள், புது உள்ளாடை என்பார்கள், நாப்கின் என்பார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரியுங்கள். ஒரு டாலரை ஐந்து டாலராக்கும் வித்தை உங்களுக்குத் தெரியும். ஷெல்டர் நடத்துகிற பலருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் உட்கார்ந்து வெட்ட நேரமில்லை. பட்டியலில் இல்லாதது எவ்வளவு மலிவாக வந்தாலும் கடையிலேயே இருக்கட்டும். ஒற்றைக் கூப்பனோடு பஸ் பிடித்து வருகிறவருக்கு அது மிஞ்சும்.

போன் செய்யும்போது ரேசரை வாங்கிக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். சில இடங்களில் மாட்டார்கள். மாட்டோம் என்றால் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். கிண்டல் செய்தவருக்கு இரண்டு வருஷ ஷேவிங் செலவு மிச்சம்.