பூட்டிக் கிடக்கும் பரிசோதனைப் பெட்டி

பள்ளிக்கு நீங்கள் கொடுத்த அறிவியல் பரிசோதனைப் பெட்டியை ஆசிரியர்கள் பயன்படுத்தவில்லையா? அதைப் பற்றி இன்னொரு பயிற்சி வகுப்பு வேண்டாம். அறிவியல் ஆசிரியரிடம் "அடுத்த வாரம் என்ன பாடம்?" என்று கேட்டு, அந்தப் பாடத்துக்கான ஒரே ஒரு சோதனையை அவரோடு உட்கார்ந்து செய்து பாருங்கள்.

பெட்டி மூன்று மாதமாக அலமாரியைவிட்டு வெளியே வராததற்குச் சோம்பல் காரணமாக இருக்காது. லென்ஸ் உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் கணக்குச் சொல்வது என்ற பயம்தான் பெரும்பாலும். சாவி யாரிடம் என்று விசாரியுங்கள். தலைமையாசிரியர் மேசையில் என்றால் சிக்கல் அங்கேதான். 'உடைந்தால் மாற்றித் தருகிறோம்' என்று எழுதிக் கொடுங்கள்.

சோதனை சொதப்பினாலும் பரவாயில்லை. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாதில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், வகுப்பில் சொதப்பிய சோதனைகளை ஆசிரியர்களே மாதக் கூட்டத்தில் பேசித் திருத்தினார்கள்.

அப்புறம், தேர்வு மாதத்தில் பள்ளிக்குப் போய் நிற்காதீர்கள்.